மலை ஏறும் வண்டியும் எஞ்சின் ஒயிலும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஓடும் வண்டிகளில் ஒயில் சம்பந்தமாக வரும் கோளாறுகள் பெரும்பாலும் அதே நாலைந்துதான். லைட் எரியும், புகை வரும், மேட்டில் இழுக்காது, மூடியைத் திறந்தால் வெண்ணெய் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் ஊரில் சொல்லும் வைத்தியமும் ஒன்றுதான்: "கொஞ்சம் திக்கான ஒயில் போடுங்க, சரியாயிடும்." சரியாகாது. சத்தமும் புகையும் சில வாரம் அடங்கியிருக்கும், உள்ளே தேய்மானம் நடந்துகொண்டே இருக்கும். கடைசியில் எஞ்சினை இறக்க வேண்டி வரும்.

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் வைத்திருக்கிறேன். அங்கே காரணம் கிடைக்காவிட்டால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

முதலில் மட்டம்

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒயில் மட்டம் பார்ப்பதுதான். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். லயத்துப் பாதையிலும் வீட்டு வாசலிலும் சமதரை கிடைப்பது கஷ்டம்; பெற்றோல் ஷெட், கோயில் முற்றம், பாடசாலை மைதானம் ஏதாவது ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். சரிவில் நிறுத்திப் பார்த்த மட்டத்தை நம்பி ஒயில் ஊற்றியதால் கூடிப்போன வண்டிகள் ஏராளம்.

எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். டிப் ஸ்டிக்கை (ஒயில் மட்டம் காட்டும் கம்பி) உருவித் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல்கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர். மோட்டார் சைக்கிளில் வண்டியை நிமிர்த்திப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது தெரிவது பொய் மட்டம்.

பார்த்ததைத் திகதியும் கிலோமீற்றரும் போட்டு ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது "கொஞ்சம் குறையுது" என்று சொல்வதைவிட அந்தக் கொப்பியைக் காட்டுவது பல மடங்கு உதவும்.

அறிகுறி: சிவப்பு ஒயில் லைட் எரிகிறது

*ஓடும்போது எரிந்து அணையாமல் நிற்கிறது.* ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்துங்கள். "பக்கத்து டவுன் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டிய ஒரு மைல் தூரத்திலேயே பேரிங் போய்விடும். அதே நேரம், இறக்கம்தானே என்று எஞ்சினை ஓஃப் செய்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்கவும் கூடாது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெக்யூம் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். கினிகத்தேனை இறக்கத்திலோ றம்பொடை வளைவுகளிலோ அப்படி இறங்குவது உயிரோடு விளையாடுவது.

நிறுத்திய இடத்தில் மட்டம் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று செக்கனில் லைட் அணைய வேண்டும். அணைந்தால் மெதுவாகக் கொண்டுபோய், ஒயில் எங்கே போனது என்று தேடுங்கள். மட்டம் சரியாக இருந்தும் லைட் எரிந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கட்டி இழுத்துக் கொண்டுபோக வேண்டிய இடம் இது.

*வளைவிலும் செங்குத்து ஏற்றத்திலும் மட்டும் மின்னி மறைகிறது.* தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஏற்றத்தில் சம்ப்புக்குள் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் தொட்டி) இருக்கும் ஒயில் பின்பக்கம் சாயும். மட்டம் குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அநேகமாக அரை லீற்றர், ஒரு லீற்றர் ஊற்றினால் தீரும்.

தீராவிட்டால் வண்டிக்கு அடியில் பாருங்கள். டிவிஷன் பாதையில் துருத்திக்கொண்டிருக்கும் கல் சம்ப்பில் அடித்து அதை உள்ளே அமுக்கியிருக்கும். அமுங்கிய தகடு உள்ளே இருக்கும் உறிஞ்சும் வலையை மறித்துவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுக்கும் இராது, மட்டமும் சரியாக இருக்கும், லைட் மட்டும் மின்னும். சம்ப்பைக் கழற்றித் தட்டி நேராக்கி, வலையைக் கழுவிப் பூட்ட வேண்டும். நல்ல கராஜில் ஒரு நாள் வேலை.

*மலை ஏறி முடித்து நின்றதும் ஐட்லில் மின்னுகிறது.* சூடேறி ஒயில் இளகியிருக்கிறது. இது புது ஒயிலுக்கும் நடக்கும், ஆனால் லைட் எரியும் அளவுக்கு நடக்கக்கூடாது. முதலில் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டதா, பெற்றோல் கலந்திருக்கிறதா என்று பாருங்கள் (கீழே சொல்கிறேன்). ஒயிலையும் பில்டரையும் சரியான கிரேடில் மாற்றுங்கள். அப்புறமும் மின்னினால் சென்சரைக் கழற்றி அந்த இடத்தில் பிரெஷர் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரியாக இருந்தால் சென்சர்தான் பிழை, மலிவான சாமான். அழுத்தம் உண்மையாகவே குறைவு என்றால் பம்ப் அல்லது பேரிங். கேஜ் போடாமல் "பேரிங் போச்சு" என்று எஞ்சினை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: நீலப் புகை, மட்டம் குறைகிறது

புகை எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒருவரைப் பின்னால் இன்னொரு வண்டியில் வரச்சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

*காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு மட்டும்:* இரவில் வால்வ் சீல் (வால்வ் தண்டில் இருக்கும் ரப்பர் வளையம்) வழியாகக் கசிந்த ஒயில்.

*நீண்ட இறக்கம் முடிந்து அக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது:* மலைநாட்டில்தான் இது துல்லியமாகத் தெரியும். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் வண்டி, கியரில், அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபடி நெடுநேரம் வரும். அப்போது எஞ்சினுக்குள் வெக்யூம் கூடி, தேய்ந்த வால்வ் சீல் வழியாக ஒயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கீழே வந்து காலை அழுத்தியதும் பின்னால் நீலமாகக் கிளம்பும். இதுவும் வால்வ் சீல்தான். பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். "ரிங் அடிக்கணும்" என்று யாராவது சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

*பாரத்தோடு ஏறும்போது விடாமல்:* பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம்.

பார்க்கும் ஒழுங்கு இது. முதலில் மட்டம் மேல்கோட்டுக்கு மேலே ஏறியிருக்கிறதா. கூடுதல் ஒயிலும் புகையும். அடுத்து, எஞ்சினுக்குள் தேங்கும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் பி.சி.வி. வால்வும் அதன் ஹோஸும். கழற்றி ஆட்டினால் கிலுகிலுக்க வேண்டும், அடைத்திருந்தால் மாற்றுங்கள், பெரிய செலவில்லை. அதன் பிறகுதான் கொம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் அளப்பது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ்.

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். நல்ல எஞ்சினும் கொம்ப்ரஷன் கேஜில் அந்த அளவுக்குக் குறைவாகவே காட்டும். கையேட்டில் போட்டிருக்கும் இலக்கத்தோடு அப்படியே ஒப்பிட்டு எஞ்சினைக் கெட்டது என்று முடிவு செய்யக் கூடாது. சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனியாகக் குறைந்தால்தான் பிரச்சினை.

எவ்வளவு குறையலாம்? பழைய எஞ்சின் 1,000 கிலோமீற்றருக்கு இருநூறு முந்நூறு மில்லிலீற்றர் குடித்தால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன்; அடிக்கடி மட்டம் பார்த்து ஊற்றிக்கொள்ளலாம். அரை லீற்றரைத் தாண்டினால் மெக்கானிக்.

புகை இல்லாமல் குறைந்தால் ஒழுக்கு. இரவில் வண்டிக்கு அடியில் ஒரு காட்போட்டை விரித்து வைத்து, காலையில் சொட்டு விழுந்த இடத்தைப் பாருங்கள். வடிக்கும் நட்டில் பழைய வோஷரையே மறுபடி போட்டிருப்பார்கள். பில்டரின் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதுசைப் பூட்டியிருப்பார்கள். மேல்மூடி கேஸ்கட் காய்ந்திருக்கும். இந்த மூன்றும் சின்ன வேலை. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் மட்டும் பின்சீல். கியர்பொக்ஸை இறக்க வேண்டும். அடுத்த முறை கிளட்ச் மாற்றும்போது சேர்த்துச் செய்தால் கூலி மிச்சம்.

அறிகுறி: மட்டம் குறையாமல் ஏறுகிறது

சந்தோஷப்படக் கூடாத அறிகுறி இது. வேறு ஏதோ ஒயிலோடு கலக்கிறது. டிப் ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெற்றோல் வாடை அடிக்கிறதா?

அடித்தால், முதலில் உங்கள் ஓட்டத்தை யோசியுங்கள். பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, கடைக்குப் போய், ஐந்து நிமிடத்தில் வீடு திரும்பும் வண்டி, நுவரெலியாக் குளிரில் ஒருநாளும் முழுச்சூடு ஏறுவதில்லை. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்ப்புக்கு வருகிறது. எஞ்சின் விட்டுவிட்டு ஓடும் ஹைப்ரிட் கார்களில் இது இன்னும் கூடும். வாரத்தில் ஒருநாளாவது அரை மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டுங்கள், ஒயிலைக் காலத்துக்கு முன்பே மாற்றுங்கள். அதற்கு மேலும் ஏறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கார்பரேற்றர் உள்ள மோட்டார் சைக்கிளை இரவில் சரிவில் நிறுத்துகிறவர்கள் பெற்றோல் டெப்பை மூடுங்கள். மிதவை ஊசி தேய்ந்திருந்தால் விடியும்போது பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும். அந்த ஒயிலோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள், வடித்து மாற்றுங்கள்.

டீசல் வண்டியில் மட்டம் ஏறினால் வீட்டில் ஆராய வேண்டாம். மட்டம் கூடிய டீசல் எஞ்சின் தன் ஒயிலையே எரித்துக்கொண்டு சாவியை எடுத்தாலும் நிற்காமல் சீறும் ஆபத்து உண்டு. நேராக டீசல் பம்ப் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி: மூடியில் வெண்ணெய்

ஒயில் ஊற்றும் மூடியின் உட்பக்கத்தில் பால்கலந்த வெளிர்மஞ்சள் பசை. பார்த்தவுடன் "ஹெட் கேஸ்கட்" போய் ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பயப்படுவார்கள். பனிமூட்டமும் குளிரும் உள்ள இடத்தில் குறுந்தூரம் ஓடும் வண்டிக்கு இது வெறும் ஈரம். வித்தியாசம் காண்பது இப்படி:

மூடியைத் துடைத்து விட்டு, வண்டியை ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவந்து பாருங்கள். மூடி சுத்தமாக, டிப் ஸ்டிக்கில் ஒயில் தெளிவாக இருந்தால் ஈரம்தான். டிப் ஸ்டிக்கிலேயே ஒயில் பால்போல இருந்தால் நிலைமை வேறு. சந்தேகம் என்றால் வெறும் கரண்டியை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, வெளியே எடுத்துவந்து, அதில் ஒரே ஒரு சொட்டு ஒயில் விடுங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. முகத்தைத் தள்ளி வையுங்கள். ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

தண்ணீர் உண்டென்றால் எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேற்றர் மட்டம் பாருங்கள், குறைகிறதா? ஓடும்போது உபரித் தாங்கியில் குமிழி வருகிறதா? வெள்ளைப் புகை மதியத்திலும் நிற்கவில்லையா? இவற்றில் ஒன்று ஆம் என்றாலும் ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இந்த நிலைக்கு வராமல் தடுப்பது ரேடியேற்றர் மூடி. நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கூலன்ட் இல்லாமல் வெறும் பீலித் தண்ணீரை ஊற்றி, இளகிய மூடியோடு மலை ஏறினால் கொதிப்பு சீக்கிரம் வரும், பின்னாலேயே கேஸ்கட் போகும். ஒயிலை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

அறிகுறி: ஒயில் மாற்றிய பிறகு மேட்டில் கிளட்ச் வழுக்குகிறது

எஞ்சின் அலறும், வண்டி ஏறாது. கியர் உள்ள மோட்டார் சைக்கிள்களிலும், ஒயிலுக்குள் கிளட்ச் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆட்டோக்களிலும் வருவது. சமதரையில் தெரியாது, மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குச் சிவனொளிபாதமலைச் சீசன் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது தெரியும்.

முதலில் கிளட்ச் கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள், சில நேரம் அவ்வளவுதான். கேபிள் சரியென்றால் ஊற்றிய ஒயில் போத்தலைத் தேடி எடுத்து வாசியுங்கள். மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜப்பான் தரக்குறி, ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். கார் ஒயிலில், குறிப்பாகப் போத்தலில் உள்ள ஏ.பி.ஐ. (அமெரிக்கத் தரக்குறி) வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று போட்ட மெல்லிய ஒயிலில், உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். எஞ்சினுக்கு நல்லது, ஈரக் கிளட்ச் தட்டுக்குக் கெடுதி. வடித்துவிட்டு எம்.ஏ. ஒயில் ஊற்றுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடி மறுபடி ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். திரும்பாவிட்டால் தட்டு மாற்ற வேண்டும்.

கியர் இல்லாத ஸ்கூட்டிகளின் கிளட்ச் ஒயிலுக்கு வெளியே இருக்கிறது. அவற்றுக்கு ஜாசோ எம்.பி. ஒயில் பொருத்தம்.

அறிகுறி: குளிர்ந்த காலையில் கடகட சத்தம்

ஸ்டார்ட் செய்த சில செக்கனில் அடங்கினால், இரவில் ஒயில் முழுக்கக் கீழே இறங்கியிருக்கிறது. மலிவான பில்டரில் ஒயிலைத் தடுத்து வைக்கும் ரப்பர் வால்வ் சரியாக இராது. நல்ல பில்டர் போட்டுப் பாருங்கள். அடுத்த காரணம் நம்முடைய அதே "திக்கான ஒயில்". மெல்லிய 0டபிள்யூ-20 ஒயிலுக்காக அமைந்த ஜப்பான் எஞ்சினில் திக்கான 20டபிள்யூ-50 ஊற்றினால் விடியற்காலைக் குளிரில் அது மேலே போய்ச் சேர நேரமெடுக்கும். அந்த நேரம் முழுக்க உலோகம் உலோகத்தோடு உரசும்.

மாறாக, சூடேறிய பின் ஏற்றத்தில் அடியிலிருந்து "டொக் டொக்" என்று கனமாகக் கேட்டால் நிறுத்துங்கள், மெக்கானிக் வேலை. மெல்லிய "கிணிகிணி" மட்டும் கேட்டால் அநேகமாக ஒயில் இல்லை. பற்றவைப்பு நேரமோ பெற்றோலின் ஒக்டேனோ காரணம்.

அறிகுறி: மாற்றிக் கொஞ்ச நாளிலேயே கறுத்துவிட்டது

டீசலில் முதல் நாளே கறுக்கும், சாதாரணம். பெற்றோல் வண்டியிலும் நிறத்தை மட்டும் வைத்து மாற்றாதீர்கள். அழுக்கை ஒயில் சுமப்பதால்தான் கறுக்கிறது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு ஒருநாள் காயவையுங்கள். கறுப்பு படிப்படியாக வெளிறிப் பரவியிருந்தால் இன்னும் உழைக்கும். நடுவில் கட்டிக் கறுப்பாகத் தேங்கி, வெளியே திடீரென்று வெளிர் வளையம் விட்டிருந்தால் அழுக்கைத் தாங்கும் சக்தி தீர்ந்தது. விரலிடையே தேய்த்தால் மணல் நெருடுகிறதென்றால் காற்று பில்டரைப் பாருங்கள், கொழுந்து ஏற்றும் பாதைத் தூசி உள்ளே போகிறது.

எப்போது மாற்றுவது

மலைநாட்டில் கிலோமீற்றரை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. சராசரி மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் வண்டி 5,000 கிலோமீற்றரை 100 மணித்தியாலத்தில் முடிக்கும். இரண்டாம் கியரில் மணிக்கு 20இல் ஊரும் வண்டிக்கு அதே 5,000 கிலோமீற்றர் 250 மணித்தியால உழைப்பு. மீற்றர் இரண்டுக்கும் ஒரே இலக்கத்தைக் காட்டும், ஒயில் இரண்டரை மடங்கு வேலை செய்திருக்கும்.

வண்டி செய்தவர்களுக்கும் இது தெரியும். ஜப்பான் உள்நாட்டுக் கையேடுகளில் "கடும் பாவனை" என்று தனிப் பட்டியல் உண்டு. மலைப்பாதை, கரடுமுரடான பாதை, அடிக்கடி 8 கிலோமீற்றருக்குக் குறைந்த ஓட்டம் எல்லாம் அதில் அடக்கம். டொயோட்டா டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்கு அங்கே சாதாரணமாக 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்கிறது; கடும் பாவனைக்கு 7,500 அல்லது ஆறு மாதம். நமது பாதைகள் அந்தப் பட்டியலில் கிட்டத்தட்ட எல்லா வரியையும் நிரப்புகின்றன.

என் கணக்கு இது. சிந்தெற்றிக் ஒயில் ஊற்றிய கார், கொழும்புக்கும் போய்வருகிறதென்றால் 7,000. தோட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறதென்றால் 5,000. சாதாரண ஒயில் ஊற்றிய பழைய டீசல் வான் 5,000. வாடகைக்கு ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் 2,000 முதல் 2,500. எதுவானாலும் ஆறு மாதத்தைத் தாண்ட வேண்டாம். பில்டர் ஒவ்வொரு முறையும். உங்கள் கையேடு இதைவிடக் குறைத்துச் சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள்.

எந்த ஒயில்

கையேடு ஜப்பான் மொழியில் இருந்தாலும் இலக்கங்களை வாசிக்கலாம். பல கார்களில் ஒயில் மூடியிலேயே போட்டிருக்கும். முதல் இலக்கம் குளிரில் எப்படி ஓடும், இரண்டாவது சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்று சொல்கிறது. 0டபிள்யூ-20 கேட்கும் கார் எந்நேரமும் ஆட்களும் சாமானுமாக மலை ஏறுகிறது, கையேடும் 5டபிள்யூ-30ஐ அனுமதிக்கிறதென்றால் அதற்கு மாறுவதை நான் சரி என்பேன். அதைத் தாண்டி 40, 50 என்று போக வேண்டாம். பழைய டீசல் வான்களுக்கு 15டபிள்யூ-40, டீசல் தரக்குறி சி.ஐ-4 அல்லது அதற்கு மேல். டூ ஸ்ட்ரோக் ஆட்டோ இன்னும் வைத்திருப்பவர்கள் பெற்றோலில் கலக்கும் டூ-டி ஒயிலோடு கியர்பொக்ஸ் ஒயிலையும் தனியாக மாற்ற மறக்காதீர்கள்.

பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் பெயரில்லாத ஒயிலை வாங்காதீர்கள். போத்தலின் சீல் உங்கள் கண்முன் உடையட்டும். காலிப் போத்தலை நசுக்கிவிட்டுப் போடுங்கள், இன்னொருவர் அதை நிரப்பி விற்காதபடிக்கு.

வடித்த ஒயிலைக் கானிலோ தேயிலை மலையிலோ கொட்டாதீர்கள். இங்கே கானில் ஓடுவது காசல்ரீக்கோ கொத்மலைக்கோ போய்ச் சேரும், கீழே உள்ள லயங்கள் அதே தண்ணீரைத்தான் குடிக்கின்றன. மூடியுள்ள கேனில் சேர்த்து சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். பழைய ஒயிலை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.